ஆக்டிவ் பிக்கப் கிட்டாரில் சத்தம் தகராறு: அறிகுறி பார்த்து பேட்டரி வயரிங்கைச் சோதிக்கும் முறை

"அண்ணாச்சி, பிக்கப் போயிட்டுன்னு சொல்லுதாங்க. புதுசு வாங்கணுமோ?" ஆடி மாதம் கோயில் கொடைத் திருவிழாக்கள் தொடங்கும்போதும், டிசம்பரில் சர்ச்சுகளில் கேரல் ஒத்திகை தொடங்கும்போதும், நெல்லைப் பக்கம் கிட்டார் பழுது பார்ப்பவர்களிடம் இந்தக் கேள்வி வந்து நிற்கும். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: மீட்டர் வைத்துப் பார்க்கும்வரை எதையும் வாங்காதீர்கள். ஆக்டிவ் பிக்கப் (கம்பியின் அதிர்வை வாங்கும், உள்ளே பேட்டரியில் ஓடும் பெருக்கி உள்ள பிக்கப்) அவ்வளவு எளிதில் போகாது. போவது அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் வழி. பேட்டரி, அதன் கிளிப், இரண்டு வயர், ஒரு ஜாக், அவ்வளவுதான் அந்த வழி. இதில் எது கெட்டாலும் பிக்கப் செத்ததுபோலவே தெரியும். ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புதுப் பிக்கப் வாங்கி மாட்டிய பிறகும் சத்தம் வராமல் கண்கலங்கி நின்ற பையன்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

மின்சாரம் போகும் வழி

இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் சுலபம். பேட்டரி இல்லாத சாதாரண கிட்டாரில் கேபிள் செருகும் ஜாக்குக்கு இரண்டே தொடர்பு. ஆக்டிவ் கிட்டாரில் இருப்பது ஸ்டீரியோ ஜாக். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே மூன்று தொடர்பு இருக்கும். கேபிள் முனையில் இருக்கும் பின்னின் நுனியைத் தொடும் நீள நாக்கு ஒன்று, நடுவில் தொடும் குட்டை நாக்கு ஒன்று, பின்னின் தண்டைப் பிடிக்கும் உலோகக் கழுத்து ஒன்று. இவற்றை நுனி, வளையம், தண்டு என்று வைத்துக்கொள்வோம்.

பேட்டரி கிளிப்பின் சிவப்பு வயர் நேராகப் பிக்கப்புகளுக்குப் போகும். கறுப்பு வயர் நேராக எர்த்துக்குப் (கிட்டாரின் உள்ளே ஜாக்கின் தண்டோடு சேரும் பொது இணைப்பு) போகாது, ஜாக்கின் வளையத்துக்குப் போகும். ஜாக் காலியாக இருக்கும்போது வளையம் எதையும் தொடாமல் தனியே நிற்கும், மின்சாரம் ஓடாது. மோனோ பின்னைச் செருகினால் அதன் நீண்ட தண்டு வளையத்தையும் ஜாக்கின் கழுத்தையும் ஒன்றாக இணைத்துவிடும். அப்போதுதான் பேட்டரியின் நெகட்டிவ் எர்த்தோடு சேர்ந்து சுற்று முழுமையாகும். ஆக, இந்தக் கிட்டாருக்கு ஆன்-ஆஃப் சுவிட்ச் நீங்கள் கையில் வைத்திருக்கும் கேபிளின் பின்தான். வளையம் சேர வேண்டிய நேரத்தில் சேரவில்லை என்றால் சத்தம் இல்லை. சேரக் கூடாத நேரத்தில் சேர்ந்திருந்தால் பேட்டரி தீர்ந்துபோகும். கீழே வரும் பழுதுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான்.

வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான். மஞ்சள் நிறத்தில் விற்கும் டிடி-830 வகை மல்டிமீட்டரே போதும். புதிய அல்கலைன் 9 வோல்ட் பேட்டரி ஒன்று, மோனோ என்று உறுதியாகத் தெரிந்த கேபிள் ஒன்று, ஸ்க்ரூ டிரைவர். தொடர்பு பார்க்க மீட்டரை பீப் நிலையில் வையுங்கள். சில மலிவு மீட்டரில் பீப் இருக்காது, அதில் 200 ஓம் நிலையில் வைத்தால் தொடர்பு இருக்கும் இடத்தில் பூச்சியத்துக்குப் பக்கத்தில் காட்டும். பீப் சோதனைக்கு முன்பும் சால்டரிங் வைப்பதற்கு முன்பும் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். சோதிக்கும்போது கேபிளின் மறுமுனை ஆம்பிலோ மிக்ஸரிலோ செருகியிருக்கக் கூடாது.

அறிகுறி: சத்தமே இல்லை

முதலில் கேபிளின் பின்னைப் பாருங்கள். உலோகத் தண்டில் கறுப்புக் கோடு ஒன்று இருந்தால் மோனோ, இரண்டு இருந்தால் ஸ்டீரியோ. கொடைக் கச்சேரி மேடைகளில் சவுண்ட் சர்வீஸ்காரர் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவது பல நேரம் மிக்ஸருக்கான ஸ்டீரியோ கேபிள். அதன் தண்டு குட்டை. ஜாக்கின் வளையமும் கழுத்தும் பின்னின் தனித்தனிப் பகுதிகளைத் தொடுவதால் இரண்டும் சேரவே சேராது. கிட்டார் ஊமையாக நிற்கும். "இதே கேபிள் அந்தக் கிட்டாருல பாடுதே" என்று காட்டுவார்கள். சாதாரண கிட்டாரில் அது வேலை செய்யத்தான் செய்யும், அதற்குப் பேட்டரியே கிடையாதே. அதனால் அந்தச் சோதனையை இங்கே கணக்கில் எடுக்காதீர்கள்.

கிட்டாரில் நேரடியாகச் செருகும் சின்ன வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர்களிலும் இதே சிக்கல் உண்டு. மலிவான சிலவற்றில் ஸ்டீரியோ பின் வைத்திருப்பார்கள். சாதாரண கிட்டாரில் அழகாக வேலை செய்யும், ஆக்டிவ் கிட்டாரில் சத்தமே வராது, அல்லது மெலிந்து வரும். வாங்கும்போதே பின்னில் எத்தனை கோடு என்று பார்த்துவிடுங்கள்.

கேபிள் சரியென்றால் அடுத்தது பேட்டரி. மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சின்ன வட்ட முனையில் சிவப்பையும் பெரிய முனையில் கறுப்பையும் தொடுங்கள். புதிய அல்கலைன் 9.5 வோல்ட் அளவுக்குக் காட்டும். 9க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 8க்குக் கீழே வந்துவிட்டால் மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம். "நேத்துதான் புதுசு போட்டேன்" என்றாலும் அளந்துதான் பார்க்க வேண்டும், கடைத் தட்டில் நெடுநாள் கிடந்த பேட்டரியும் புதுசு என்றே விற்கப்படும்.

இப்போது கிளிப். இரண்டு முனையும் இறுக்கமாகக் கடிக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால், கிளிப்பிலுள்ள அகலமான முனையின் இதழ்களைச் சின்னக் குறடால் லேசாக உள்நோக்கி அழுத்தினால் பிடி வரும். தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி என்று கடற்கரையை ஒட்டி வாசிக்கும் கிட்டார்களில் இங்கே பச்சைக் களிம்பு பூத்திருப்பது சாதாரணம். உப்புக்காற்று வேலை அது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கிளிப்பில் வயர் நுழையும் இடத்தையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். மேலே பிளாஸ்டிக் உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு இழை அறுந்திருக்கும். பேட்டரி மாற்றும்போதெல்லாம் வயரைப் பிடித்து இழுப்பவர்களின் கிட்டாரில் இது கட்டாயம் வரும்.

கிளிப் கிடைக்காத ஊரில் நம் ஆட்கள் செய்யும் ஒரு வேலை உண்டு. தீர்ந்துபோன 9 வோல்ட் பேட்டரியைப் பிரித்து, அதன் தலைத் தகட்டை எடுத்து, இரண்டு வயர் பற்றவைத்துக் கிளிப்பாக்கிவிடுவார்கள். நல்ல யோசனை, நீடித்தும் உழைக்கும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. பழைய பேட்டரியில் சின்ன வட்ட முனைதான் பாசிட்டிவ். அதே தகடு கிளிப்பாக மாறி இன்னொரு பேட்டரியின் தலையில் உட்காரும்போது, சின்ன முனை போய்ப் பொருந்துவது புதுப் பேட்டரியின் பெரிய முனையில், அதாவது நெகட்டிவில். எனவே இந்தக் கிளிப்பில் பெரிய முனைக்குத்தான் சிவப்பு வயர், சின்ன முனைக்குக் கறுப்பு. மாற்றிப் பற்றவைத்தால் மின்சாரம் தலைகீழாகப் போகும். பிக்கப்பில் அதைத் தடுக்கும் பாதுகாப்பு இருக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது, உண்மையிலேயே பிக்கப்பைக் கொல்லக்கூடிய ஒரு சில காரியங்களில் இதுவும் ஒன்று. கையால் செய்த கிளிப் எதுவானாலும், பிக்கப்போடு இணைக்கும் முன் பேட்டரி மாட்டி, சிவப்பு வயர் நுனியில் பாசிட்டிவ் வருகிறதா என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள். மீட்டரில் கழித்தல் குறி வந்தால் வயர் மாறியிருக்கிறது.

அடுத்து வருவதுதான் முக்கியமான சோதனை. பின்மூடியைத் திறக்காமலே செய்யலாம். பேட்டரியைக் கழற்றுங்கள். மோனோ கேபிளைக் கிட்டாரில் செருகுங்கள், மறுமுனை சும்மா தொங்கட்டும். மீட்டரின் ஒரு முனையைக் கிளிப்பின் கறுப்பு வயர் முனையிலும் (கிளிப்பில் சின்ன வட்டமாக இருப்பது அதுதான்), மற்றதைத் தொங்கும் பின்னின் தண்டிலும் வையுங்கள். பீப் வர வேண்டும். வந்தால் கிளிப்பின் கறுப்புப் பக்கம், கறுப்பு வயர், ஜாக்கின் வளையம், ஜாக்கின் கழுத்து, கேபிளின் வெளிவலை ஆகிய ஐந்தும் ஒரே தொடுதலில் தேறிவிட்டன. பிறகு கேபிளை உருவிவிட்டு, அதே கிளிப் முனைக்கும் ஜாக்கின் உலோக நட்டுக்கும் இடையே பாருங்கள். இப்போது பீப் வரக் கூடாது. செருகினால் பீப், உருவினால் மௌனம். இந்த இரண்டும் சரியாக இருந்தால் பழுது நெகட்டிவ் பக்கத்தில் இல்லை.

செருகியும் பீப் வரவில்லையா? பின் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ட்ராட் வகைக் கிட்டார்களில் குழிந்த தகட்டில் ஜாக் இருக்கும். தடித்த கைப்பிடியுள்ள பின் அதில் கடைசிவரை போகாது. நுனி தொடும், வளையம் தண்டில் படாது. மெல்லிய பின் உள்ள கேபிளை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதுவும் இல்லையென்றால் ஜாக்கை வெளியே எடுங்கள். பின்னைச் செருகிய நிலையில் குட்டை நாக்கு தண்டின்மேல் அழுந்தி உட்கார வேண்டும். விலகி நின்றால் பின்னை உருவிவிட்டு விரலால் கொஞ்சம் உள்ளே வளையுங்கள். நாக்கு சரியாக இருந்தால் கறுப்பு வயர் அதன் காதிலிருந்து (வயர் பற்றவைக்கும் சின்னத் தகடு) விட்டுப்போயிருக்கும், பற்றவைத்தால் தீர்ந்தது.

எந்தக் காது வளையம் என்று குழப்பம் வரும். பின் இல்லாதபோது ஜாக்கின் கழுத்தோடு பீப் அடிப்பது தண்டின் காது. பின் இல்லாதபோது அடிக்காமல், செருகியதும் அடிப்பது வளையத்தின் காது. மிச்சம் இருப்பது நுனி.

நெகட்டிவ் பக்கம் தேறியும் சத்தம் இல்லையென்றால் பின்மூடியைத் திறக்க வேண்டியதுதான். பேட்டரியை மாட்டி, கேபிளைச் செருகி, மீட்டரின் கறுப்பைத் தொங்கும் பின்னின் தண்டில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் பிக்கப்பின் சிவப்பு வயர் சேரும் இடத்தைத் தொடுங்கள். பேட்டரியில் அளந்த வோல்ட் அப்படியே வர வேண்டும். பூச்சியம் என்றால் சிவப்பு வயர் எங்கோ அறுந்திருக்கிறது. பேட்டரியில் 9.4 இருந்து இங்கே 8 வந்தால் வழியில் தடை இருக்கிறது. களிம்பு பிடித்த கிளிப்பையும் மங்கிப்போன பற்றவைப்பையும் பாருங்கள். பளபளப்பில்லாமல் சாம்பல் நிறத்தில் உருண்டு நிற்கும் ஈயத்தை நம்ப வேண்டாம், உருக்கி மறுபடி வையுங்கள்.

பேஸ் கிட்டார்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பேஸில் ஆக்டிவ்-பாசிவ் மாற்றும் சுவிட்ச் இருந்தால், அதுவே இலவச சோதனைக் கருவி. பாசிவில் சத்தம் வந்து ஆக்டிவில் வரவில்லையென்றால் பிக்கப், கேபிள், ஜாக்கின் நுனி எல்லாம் நலம். மின்சாரப் பக்கம் மட்டும் பார்த்தால் போதும்.

அறிகுறி: சத்தம் வருகிறது, ஆனால் உடைகிறது, மெலிகிறது

ஓங்கி அடித்தால் கரகரவென்று கிழியும், மெதுவாக மீட்டினால் ஓரளவு சுத்தமாக இருக்கும், நீட்டிப் பிடித்த சுரம் பாதியில் துண்டுபடும். பேட்டரி இறங்கிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. பிக்கப்பின் உள்ளே இருக்கும் பெருக்கி, தனக்குக் கிடைக்கும் வோல்ட்டுக்கு மேல் ஒலியை ஏற்றி இறக்க முடியாது. வோல்ட் குறையும்போது அலையின் உச்சிகள் வெட்டுப்படுகின்றன, அந்த வெட்டுத்தான் கரகரப்பு.

ஆனால் மிக்ஸரின் உள்ளீடு நிரம்பி வழிந்தாலும் இதே மாதிரிதான் கேட்கும். பிரிப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். கிட்டாரின் வால்யூமைப் பாதிக்குக் குறைத்துவிட்டு ஓங்கி அடியுங்கள். வால்யூம் கன்ட்ரோல் பிக்கப்பின் பெருக்கிக்குப் பிறகுதான் வருகிறது. எனவே குறைத்த பின்னும் கரகரப்பு அப்படியே இருந்தால் அது பிக்கப்பிலேயே பிறக்கிறது, பேட்டரியை மாற்றுங்கள். குறைத்ததும் சுத்தமானால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், மிக்ஸரின் கெயினைக் குறைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் மேடையில் கிட்டார்காரரும் சவுண்ட்காரரும் முறைத்துக்கொள்வது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பேட்டரி வாங்கும்போது உறையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 6எல்ஆர்61 என்றோ அல்கலைன் என்றோ இருந்தால் அல்கலைன். 6எஃப்22 என்றும் ஹெவி டூட்டி என்றும் இருந்தால் கார்பன்-துத்தநாகம். பின்னது கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் சரி, கிட்டாருக்குள் வைத்து மறந்துவிட்டால் கசிந்து கிளிப்பைத் தின்றுவிடும். ரீசார்ஜபிள் பேட்டரிகளில் நிக்கல் வகை 7.2 அல்லது 8.4 வோல்ட்தான், தொடக்கத்திலேயே கொஞ்சம் கம்மி. யூஎஸ்பியில் ஏற்றும் லித்தியம் வகையில் உள்ளே வோல்ட்டை மாற்றும் சுற்று இருக்கும், சிலவற்றில் அது கீச்சென்ற மெல்லிய சத்தத்தைக் கிட்டாருக்குள் விடும். வாசிப்புக்கு அல்கலைன்தான் என் தேர்வு.

அறிகுறி: பின்னை ஆட்டினால் வருகிறது, போகிறது

ஜாக்கின் நட்டு தளர்ந்திருக்கும். அதை வெளியிலிருந்து ஸ்பேனரால் திருகி இறுக்க எல்லாருக்கும் கை துடிக்கும். செய்யாதீர்கள். நட்டோடு சேர்ந்து உள்ளே ஜாக்கும் சுற்றும், மூன்று வயரும் முறுக்கிக்கொண்டு ஒன்று அறும், அல்லது வளையத்தின் காது, இரைச்சல் தடுக்க உள்சுவரில் ஒட்டியிருக்கும் செம்புத்தாளைப் போய்த் தொடும். தகட்டைக் கழற்றி, ஜாக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் நட்டை இறுக்குங்கள்.

கிட்டாரின் விளிம்பில் துளை போட்டு வைத்திருக்கும் நீளக் குழல் வடிவ ஜாக்குகள் தனி ரகம். அவற்றின் நாக்குகள் உள்ளே அடைபட்டிருப்பதால் வளைத்துச் சரிசெய்ய வழியில்லை. தகராறு தொடங்கினால் நல்ல ஜாக்காகப் பார்த்து மாற்றிவிடுவது நேர மிச்சம்.

கிட்டாரை அசைக்கும்போது மட்டும் சத்தம் போனால் பேட்டரி உள்ளே உருளுகிறது. ஒரு துண்டு ஸ்பாஞ்ச் போதும்.

அறிகுறி: பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது

எவ்வளவு சீக்கிரம் என்பதைக் கணக்குப் பார்த்தால் பழுது தானே தெரியும். இஎம்ஜி நிறுவனத்தின் 81 என்ற ஆக்டிவ் பிக்கப் ஒன்று சுமார் 80 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும். ஒரு பிக்கப்புக்கு ஒரு பேட்டரி 3000 மணி நேரம் வரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. இரண்டு பிக்கப் இருந்தால் 1500. தினமும் இரண்டு மணி நேரம் வாசித்தால் இரண்டு வருடம் போல. ஆனால் பின்னை உருவாமல் விட்டால் அதே 1500 மணி நேரம் 62 நாளில் முடிந்துவிடும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிட்டாரை ஸ்டாண்டில் அப்படியே நிறுத்திவிட்டுப் போகும் சர்ச்சுகளில் ஆகஸ்டில் போட்ட பேட்டரி அக்டோபரில் தீர்வதற்கு இதுதான் காரணம். ஆம்பை அணைத்தால் கிட்டார் அணையாது. ஃபிஷ்மன் ஃப்ளூயன்ஸ் போன்ற வேறு வகைப் பிக்கப்புகள் மில்லி ஆம்பியர் கணக்கில் எடுப்பவை, அவற்றில் இன்னும் விரைவாகத் தீரும்.

பின்னை உருவித்தான் வைக்கிறேன், ஆனாலும் தீர்கிறது என்றால் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். பேட்டரியைக் கிளிப்பின் ஒரு முனையில் மட்டும் மாட்டிப் பக்கவாட்டில் திருப்புங்கள். விடுபட்டு நிற்கும் பேட்டரி முனைக்கும் கிளிப் முனைக்கும் இடையே மீட்டரை வையுங்கள், முதலில் 20 மில்லி ஆம்பியர் நிலை, சின்ன எண் வந்தால் 2000 மைக்ரோவுக்கு மாற்றலாம். கேபிள் செருகாதபோது பூச்சியம் காட்ட வேண்டும். செருகினால் இரண்டு இஎம்ஜி 81க்கு 160 மைக்ரோவை ஒட்டி வரும்.

செருகாதபோதே எண் வந்தால் வளையம் எப்போதும் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பழைய ஜாக் கெட்டு, யாரோ மோனோ ஜாக்கை மாட்டி, கறுப்பு வயரைத் தண்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். சத்தம் நன்றாக வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது, பேட்டரி மட்டும் இரவும் பகலும் ஓடும். ஸ்டீரியோ ஜாக் வாங்கி மாற்றினால் சரி. ஸ்டீரியோ ஜாக்தான் இருக்கிறது என்றால் செம்புத்தாளில் படும் காதையும், இரண்டு காதுக்கு நடுவே வழிந்த ஈயத்தையும் தேடுங்கள்.

பேட்டரி தொட்டால் சுடுகிறதா? அது வேறு விஷயம். சிவப்பும் கறுப்பும் நேரடியாக உரசுகின்றன. உடனே கழற்றிவிட்டு, உரசும் இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை வேறு பேட்டரி மாட்டாதீர்கள்.

அறிகுறி: ஒரு பிக்கப் மட்டும் பேசவில்லை

பேட்டரியும் ஜாக்கும் நலம், அவற்றைத் தொட வேண்டாம். இஎம்ஜியில் வெள்ளை ஒலிக்கு, சிவப்பு மின்சாரத்துக்கு, உறையில்லாத கம்பி எர்த்துக்கு. சிவப்பில் 9 வோல்ட் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். சொருகும் வகை இணைப்பு என்றால் பாதி கழன்றிருக்கும். மற்ற நிறுவனங்களின் வயர் நிறங்கள் வேறு, அவரவர் வரைபடத்தைப் பார்த்துத்தான் தொட வேண்டும்.

அறிகுறி: வால்யூம் சுவிட்ச் மாதிரி வேலை செய்கிறது

கொஞ்சம் திருகினாலே முழுச் சத்தம், அப்புறம் திருகினாலும் மாற்றமே இல்லை. ஆக்டிவ் பிக்கப்புக்கு 25 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் வேண்டும், சாதாரண கிட்டாரின் 250 அல்லது 500 கிலோ ஓம் உள்ளே இருக்கிறது. பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அறிகுறி: 18 வோல்ட் மாற்றிய பிறகு தகராறு

இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்தவர்கள் முதல் கிளிப்பின் சிவப்பை இரண்டாவதின் கறுப்போடு சேர்த்திருக்க வேண்டும். மிச்சமிருக்கும் கறுப்பு வளையத்துக்கு, மிச்சமிருக்கும் சிவப்பு பிக்கப்புக்கு. பிக்கப்பின் சிவப்பில் 18க்குப் பதில் 9 காட்டினால் தொடராக இல்லாமல் இணையாக (பேரலலில்) சேர்த்துவிட்டீர்கள். உங்கள் பிக்கப் 18 வோல்ட்டைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள், இஎம்ஜி 81 தாங்கும். மாற்றும்போது இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள்.

அறிகுறி: இரைச்சல், உறுமல்

புது பேட்டரி போட்டும் உறுமல் நிற்கவில்லையென்றால் ஜாக்கின் தண்டுப் பக்கப் பற்றவைப்பைப் பாருங்கள். அது விட்டிருந்தால் உறுமல் பெரிதாக இருக்கும். பந்தலில் மட்டும் உறுமி வீட்டில் அமைதியாக இருந்தால் கிட்டாரைத் திறக்கவே வேண்டாம். சீரியல் லைட்டும் ஜெனரேட்டரும் ஒரே லைனில் ஓடும் இடத்தில் ஆம்புக்கு வேறு பிளக் கேளுங்கள்.

கம்பியைத் தொட்டாலும் உறுமல் குறையவில்லை என்று சிலர் கவலைப்படுவார்கள். இஎம்ஜி பிக்கப்புகளில் கம்பிக்கு எர்த் வயர் தேவையில்லை, இருந்தால் எடுத்துவிடவே அந்த நிறுவனம் சொல்கிறது. ஷாக் அடிக்கும் வாய்ப்பைக் குறைக்கத்தான் அப்படி. மற்ற நிறுவனப் பிக்கப்புகளுக்கு அவரவர் வரைபடம் என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள்.

அறிகுறி: மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்கிறது

வாசிப்பதை நிறுத்திவிடுங்கள். கிட்டாரில் இருப்பது 9 வோல்ட், அது உங்களைச் சுட முடியாது. சுடுவது கேபிள் வழியாக வரும் 230 வோல்ட்டின் கசிவு. ஆம்பின் எர்த்தும் மைக் போகும் மிக்ஸரின் எர்த்தும் ஒன்றாக இல்லை, அல்லது ஜெனரேட்டருக்கு எர்த்தே போடவில்லை. மீட்டரை ஏ.சி. நிலையில் வைத்து, அதிக வோல்ட் எல்லையில் தொடங்கி, கிட்டார் கம்பிக்கும் மைக்கின் வலைக்கும் இடையே பாருங்கள். மீட்டர் முனைகளின் பிளாஸ்டிக் பிடியை மட்டுமே பிடிக்க வேண்டும். கம்பிக்கு எர்த் எடுத்துவிட்ட கிட்டாரில் கம்பி எதையும் காட்டாமல் போகலாம், அதில் ஜாக்கின் நட்டைத் தொட்டுப் பாருங்கள். பத்துப் பதினைந்து வோல்ட் தெரிந்தாலும் சரி, சவுண்ட் சர்வீஸ்காரரை அழைத்து, எர்த் சரிசெய்த பிறகு மேடை ஏறுங்கள். ஐப்பசி மழையில் நனைந்த மண் மேடை, வெறுங்கால், ஒரு கையில் கிட்டார், எதிரே மைக். இந்த நிலையில் யாரும் "சும்மா லேசாத்தான் அடிக்குது, வாசி தம்பி" என்று சொன்னால் கேட்காதீர்கள். கமிட்டித் தலைவரே சொன்னாலும் கேட்காதீர்கள்.

எல்லாம் தேறியும் சத்தம் இல்லையென்றால்

பிக்கப்பின் சிவப்பில் 9 வோல்ட் இருக்கிறது. அதன் எர்த் கம்பி, செருகிய பின்னின் தண்டோடு பீப் அடிக்கிறது. மிச்சம் ஒலி வழி மட்டும்தான். பிக்கப்பின் வெள்ளை வயரை வால்யூமிலிருந்து எடுத்து, ஒரு துண்டு வயரால் நேராக ஜாக்கின் நுனிக் காதில் தொட்டு, ஆம்பின் சத்தத்தைக் குறைவாக வைத்துத் தட்டிப் பாருங்கள். இதற்கு மட்டும் கேபிள் ஆம்பில் இருக்கலாம். சத்தம் வந்தால் வால்யூம் கன்ட்ரோலோ பிக்கப் மாற்றும் சுவிட்சோ கெட்டிருக்கிறது, அதை மாற்றுங்கள். வரவில்லையென்றால் பிக்கப்தான் போயிருக்கிறது. இஎம்ஜி மாதிரியான பிக்கப்புகளின் உள்ளே எபாக்ஸி ஊற்றி இறுக்கியிருப்பார்கள், பிரித்துப் பழுது பார்க்க முடியாது, புதுசுதான் வாங்க வேண்டும். வாங்கி வந்ததும் சிவப்பு வயரை இணைக்கும் முன் கிளிப்பின் பாசிட்டிவ் நெகட்டிவை இன்னொரு முறை மீட்டரில் பார்த்துவிடுங்கள், முந்தினதைக் கொன்றது தலைகீழ் வயராக இருந்தால் அது இன்னும் அங்கேதான் இருக்கும்.